அரங்கும் அவையும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தமிழரின் ஆடற்கலைக்கு எழுதப்பட்ட அளவைநூல் போன்றது. ஆடுபவள், ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அமைகிறது. மூவகை எழினிகள் தொங்குகின்றன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்படுகிறது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் மாதவி மன்னன்முன் ஆடித் தலைக்கோல் பெறுகிறாள்.

இத்துணை நுணுக்கமாக அனைத்தையும் அளந்து கூறியவர், எதிரே அமர்ந்து காண்போர்க்குத் தனி இலக்கணம் எதனையும் கூறினாரல்லர். கூறவேண்டிய தேவை எழவில்லை என்றே கொள்ளலாம். மாதவியின் ஆடலுக்குப் பாடப்பட்ட மொழியும், புகார் நகரத்து மக்கள் வீட்டில் பேசிய மொழியும் ஒன்றே. சொல் அவையினர் செவியை அடைந்ததும் பொருள் தானே நெஞ்சில் விரிந்தது. அரங்கை அளந்தால் போதும்; அவையை அளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் இன்று காணப்படும் நிலை இதற்கு நேர்மாறானது. அரங்கிற்கு இங்குக் குறைவில்லை. 2002 ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கத்தின் இசைமண்டபம் ஏறத்தாழ 1,600 பேர் அமரக்கூடியது. அதன் ஒலியமைப்பு உலகின் சிறந்த மண்டபங்களுக்கு இணையானது. அதே ஆண்டில் தொடங்கிய கலா உத்சவம் என்னும் இந்தியக் கலைவிழா தொடர்ந்து நடைபெற்று வருகிறது. காம்பல் சந்தில் 2015 இல் இந்திய மரபுடைமை நிலையம் எழுந்தது. அரசு உதவுகிறது, புரவலர் உதவுகின்றனர், கலைஞர் உழைக்கின்றனர். ஆயினும் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோரின் விழுக்காடு, 2010 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 ஆக இருந்தது, 2020 இல் 2.5 ஆகக் குறைந்துவிட்டது. அரங்கு வளர வளர, அதன் எதிரே தமிழ்ச் சொல்லைக் கேட்டவுடன் உணரும் அவை சுருங்கி வருகிறது. இந்நகரில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்துவரும் ஆடல், பாடல், திரைப்படம் ஆகிய மூன்றையும் நோக்குமிடத்து இம்முரண்பாடே முன்னிற்கிறது.

ஆடல்

சிங்கப்பூரின் பரதநாட்டிய வரலாறு, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் வாழ்நாள் உழைப்பால் உருவானது. கே. பி. பாஸ்கர் 1952 இல் நடனப் பள்ளியைத் தொடங்கினார். அவர்தம் துணைவியார் சாந்தா பாஸ்கர் 1955 இல் கேரளத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தார். இலங்கையிற் பிறந்து, ருக்மிணி தேவியின் கலாசேத்ராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், தம் கணவருடன் 1977 இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் அமைப்பை நிறுவினார். இவர்களுக்கு முன்னரே, 1949 இல், சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றியிருந்தது. நீலா சத்தியலிங்கம் 1989 இலும் சாந்தா பாஸ்கர் 1990 இலும் கலாசாரப் பதக்கம் பெற்றனர். முன்னவர் 2017 இல் மறைந்தார். பின்னவர் 2022 பிப்ரவரி 26 ஆம் நாள் மறைந்தார். முதல் தலைமுறை தன் பணியை முடித்துக்கொண்டது. அது விட்டுச்சென்றதை எடைபோடும் கடமை இப்போது மற்றவர்க்கு வந்திருக்கிறது.

சாந்தா பாஸ்கரின் படைப்புகளுள் 1958 இல் அவர் அமைத்த 'லியாங் சான்போ, சூ யிங்தாய்' என்னும் நாட்டிய நாடகத்தைத் தனியே குறிப்பிடல் வேண்டும். வண்ணத்துப்பூச்சிக் காதலர் என்று சீனர் வழிவழியாகக் கூறிவரும் கதை அது. கல்வி கற்கும் வேட்கையால் ஆண்வேடம் பூண்டு சென்ற பெண், உடன் பயின்ற இளைஞன்பால் கொண்ட காதல், குடும்பத்தின் தடை, இறப்பு, இறுதியில் இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாய்ப் பறத்தல் எனக் கதை செல்லும். இதனைப் பரதநாட்டியத்தின் முத்திரைகளாலும் அடவுகளாலும் கூற முற்பட்டது, பல்லின மக்கள் வாழும் தீவில் துணிவான முயற்சியெனப் பலரும் பாராட்டியுள்ளனர். இன நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்பர். அது உண்மையே. ஆயினும் கலைநோக்கில் அதனினும் பெரியதோர் உண்மை அதனுள் இருக்கிறது. அக்கதை, காண வந்த சீனர்தம் நெஞ்சில் முன்னரே குடியிருந்தது. பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கதையை அறிந்த அவைக்குக் கையசைவே சொல்லாகிவிடும். முத்திரையின் இலக்கணத்தை அறியாதவனும் அதன் பொருளை அறிந்துகொள்வான்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு இன்றைய அரங்கேற்றங்களைக் காணின் ஒரு வேறுபாடு புலப்படும். தஞ்சை நால்வர் வகுத்த முறைப்படி அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என நிகழ்ச்சி ஒழுங்காகச் செல்கிறது. சிறுமியின் அரைமண்டி உறுதியாக இருக்கிறது; தாளம் பிசகுவதில்லை; அடவுகளில் தூய்மை உண்டு. தாளக்கட்டு நிறைந்த பகுதிகளில் அவை கைதட்டி மகிழ்கிறது. பதம் தொடங்கியதும் மண்டபத்தில் மெல்லிய சோர்வு படர்கிறது. முத்துத்தாண்டவரோ மாரிமுத்தாப்பிள்ளையோ கனம் கிருஷ்ணையரோ இயற்றிய பதம் ஒன்றில், தலைவி ஒரே அடியைப் பன்முறை கேட்கிறாள். பாடுபவர் அவ்வடியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உள்ளக்குறிப்பை வெளிப்படுத்தல் வேண்டும். முதல் முறை வினா, அடுத்த முறை ஊடல், பின்னர் எள்ளல், இறுதியில் ஆற்றாமை. சொல் மாறாது நிற்க, பொருள் மாறிக்கொண்டே செல்லும் இவ்விளையாட்டே பதத்தின் உயிர். அச்சொல் அவையினர்க்கு விளங்காவிடில், ஒரே அடி நான்கு முறை பாடப்படுவது நான்கு மடங்கு சலிப்பாகவே முடியும்.

நிகழ்ச்சிக்கு முன்னர் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் வாசிக்கப்படுவதுண்டு. தலைவி தலைவனை நினைந்து வருந்துகிறாள் என்பது போன்ற இரண்டு வரிகள் அவை. இது கதையைத் தரும், சொல்லைத் தராது. தமிழ்ப் பதங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுவேயாதலின், அச்சுருக்கம் ஒரு பதத்துக்கும் மற்றொரு பதத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. இன்னும் வருந்தத்தக்கது, சில வேளைகளில் ஆடும் மாணவிக்கே அடியின் பொருள் முழுமையாக விளங்கியிருப்பதில்லை என்பது. விழிகள் பயிற்றுவிக்கப்பட்ட திசையில் செல்கின்றன. செல்வதற்குரிய காரணம் அவ்விழிகளில் இல்லை. இக்குறை ஆசிரியரின் குறையென்று மட்டும் கூறிவிடுதல் முறையாகாது. வீட்டிலும் வகுப்பிலும் வளராத மொழியை நடன ஆசிரியர் வாரத்தில் இரண்டு மணி நேரத்தில் வளர்த்துவிட இயலாது.

மற்றொருபுறம் பேரரங்கை நோக்கிய படைப்புகள் எழுந்துள்ளன. அரவிந்த் குமாரசாமியின் கலை இயக்கத்தில் அப்சராஸ் ஆர்ட்ஸ் 2013 இல் மேடையேற்றிய 'அங்கோர்' அத்தகையது. கம்போடியப் பெருங்கோயிலின் வரலாற்றைப் பரதநாட்டியத்தின்வழி கூற முனைந்த அப்படைப்பு, தென்கிழக்காசியத் தமிழனுக்குத் தன் கலையை எந்த நிலத்தில் ஊன்றுவது என்னும் வினாவிற்கு ஒரு விடை. கூட்ட ஆடல், ஒளியமைப்பு, இசை ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்து பெருங்காட்சியை உருவாக்கும் இவ்வகைப் படைப்புகள் சிங்கப்பூருக்குப் பெருமை தேடித்தந்துள்ளன என்பதில் ஐயமில்லை. எனினும் அரங்கு பெருக முகம் சிறுத்துவிடும். இருபது வரிசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்க்குப் புருவம் நெறிவதும் இதழ்க்கடை துடிப்பதும் தெரியா. எனவே படைப்பாளி கண்ணையும் சொல்லையும் விட்டு, கூட்டத்தையும் வடிவத்தையும் நம்பத் தொடங்குகிறார். பேரரங்கிற்கு அது பொருந்தும். ஆனால் பதம் சிற்றரங்கிற்கு உரியது. அதே எஸ்பிளனேடில் இருநூற்றுச் சொச்சம் பேர் அமரும் சிறுமண்டபமும் உண்டு. ஆண்டுக்குச் சில மாலைகளேனும் அங்குப் பதங்களை மட்டும், பாடலின் முழு வடிவத்தையும் அவையினர் கையில் கொடுத்து ஆடச்செய்தல், பேரரங்கப் படைப்புக்குச் செலவிடும் உழைப்பில் சிறு பங்கினாலேயே இயல்வதாகும்.

பாடல்

கச்சேரி என்று இன்று வழங்கும் இசையரங்க முறை, அரியக்குடி இராமானுஜ ஐயங்காரால் செப்பம் பெற்றது என்பர். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான நடுப்பகுதி, தனி ஆவர்த்தனம் என வளர்ந்து, இறுதியில் சிறு உருப்படிகளோடு முடிவது அம்முறை. அவ்விறுதிப் பகுதிக்குத் துக்கடா என்று பெயர். தமிழ்ப் பாடல்கள் நெடுங்காலம் அத்துக்கடா வரிசையிலேயே நிறுத்தப்பட்டிருந்தன. இதனை மாற்ற வேண்டியே அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று உழைத்தார். 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகள்மீது கொண்ட பகையன்று அவ்வியக்கத்தின் அடிப்படை. பாடுபவன் உருகும் இடத்தில் கேட்பவனும் காரணம் அறிந்து உருகல் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

சிங்கப்பூரின் கச்சேரி மேடைகளில் அக்கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறியதாகச் சொல்வதற்கில்லை. தமிழகத்திலிருந்து வரும் கலைஞர்கள் இங்குள்ள அவையின் தன்மையை அறிந்து தமிழ்ப் பாடல்களைக் கூட்டிப் பாடுவதும் உண்டு. வழக்கமான நிரலை மாற்றாது பாடிச்செல்வதும் உண்டு. அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடலோ, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரப் பாடலோ, பாபநாசம் சிவனின் கீர்த்தனையோ நடுப்பகுதியில் இடம்பெறும் நாள்களில் அவையின் முகமே மாறிவிடுகிறது. குறிப்பாக, நந்தனின் ஏக்கத்தைப் பாடுங்கால், இராகம் இன்னதென்று அறியாத முதியவரும் நிமிர்ந்து உட்காருகிறார். அவர் கேட்பது சங்கராபரணத்தையோ தோடியையோ அன்று. தில்லையைக் காணத் துடிக்கும் ஓர் உழவனை.

இசைமண்டபத்தை விட்டு விளையாட்டரங்கிற்குச் சென்றால் மற்றொரு காட்சி. திரையிசை நிகழ்ச்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் திரளும் இளைஞர் கூட்டத்தைச் செவ்வியல் இசை அன்பர் சற்று ஏளனமாகவே நோக்குவர். ஒலிபெருக்கியின் ஆர்ப்பாட்டம், வண்ண விளக்குகளின் மினுக்கல், இருக்கைமீது ஏறி நிற்கும் ஆரவாரம் ஆகியவை குறைகூறத் தக்கனவே. ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். பாடகர் ஒலிவாங்கியை அவையை நோக்கி நீட்டியவுடன், அவ்விளைஞர் கூட்டம் சரணம் முழுவதையும் ஒரு சொல்லும் பிழையாமல் பாடி முடிக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசுபவரும், தேர்வுக்கு மட்டுமே தமிழ் படித்தவரும் அதில் அடங்குவர். கண்ணதாசன், வாலி, நா. முத்துக்குமார் ஆகியோரின் வரிகள் அவர்கள் நெஞ்சில் எழுத்துக்கூட்டாமலே பதிந்துள்ளன. இன்றைய சிங்கப்பூர்த் தமிழ் இளைஞன் மனப்பாடமாக அறிந்த தமிழ்க் கவிதை பெரும்பாலும் திரைப்பாடலே. சொல் தெரிந்த அவை எப்படி இருக்கும் என்பதை இக்கூட்டமே காட்டுகிறது. செவ்வியல் மேடை இதனை இகழ்வதை விட்டு, இதிலிருந்து கற்றுக்கொள்வது நன்று.

மேடையும் மண்டபமும் இல்லாத இசை ஒன்றும் இந்நகரில் உண்டு. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை செல்லும் தைப்பூச ஊர்வலத்தில், 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016 இல் வழியிலுள்ள குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு மீண்டும் இடம் அளிக்கப்பட்டது. நாகசுரமும் தவிலும் எழுந்தபோது, காவடி சுமந்தவரின் கால்கள் அவ்வோசைக்கு விடையளித்த விதத்தைக் கண்டவர், கலைக்கும் வாழ்வுக்கும் இடையே சுவர் இல்லாத நிலையைக் கண்டவராவர். அங்கே விளக்கவுரை வாசிப்பார் இல்லை. வேண்டுவாரும் இல்லை.

படம்

தமிழ்த் திரைப்படத்தில் சிங்கப்பூர் நெடுங்காலம் ஓர் அழகிய பின்திரையாகவே இருந்து வந்தது. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 இலும், 'பிரியா' 1978 இலும், 'நினைத்தாலே இனிக்கும்' 1979 இலும் இந்நகரின் பூங்காக்களையும் சாலைகளையும் தமிழகத்து மக்களுக்குக் காட்டின. அப்படங்களில் சிங்கப்பூர் இருந்தது. சிங்கப்பூர்த் தமிழன் இல்லை. அடுக்குமாடி வீட்டில் வாழும், மூன்று மொழிகளைக் கலந்து பேசும், தன் மகனின் பள்ளிக் கட்டணத்தைக் கணக்கிடும் மனிதனின் முகம் திரைக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின.

அம்முகத்தை முதலில் உலக அரங்கில் காட்டியவர் தமிழர் அல்லர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' என்னும் தமிழ்ப்படம் 2008 இல் கேன் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்றது. மனைவி பிரிந்து சென்றபின் குடியில் மூழ்கிய முன்னாள் மந்திரக்காரன், மகனின் எதிர்காலத்துக்காகத் தன் உடலையே காட்சிப்பொருளாக்கிக் கொள்ளும் கதை அது. மந்திரக் கலைஞரான போஸ்கோ பிரான்சிஸ் தந்தையாக நடித்தார். படத்தில் பேச்சு குறைவு. பேசப்படும் சிறிதளவு தமிழும் சிங்கப்பூர்த் தெருவில் வழங்கும் தமிழ். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்க இயலாமல் தடுமாறும் இடங்களில், சொல் இல்லாமையே சொல்லாகிறது. அடுக்குமொழி வசனத்தில் பழகிய செவிக்கு இது வறுமையாகத் தோன்றலாம். உண்மையில் அது அளவறிந்து செலவிடப்பட்ட செல்வம்.

கே. ராஜகோபால் இயக்கிய 'எ யெல்லோ பேர்ட்' 2016 இல் கேன் விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து வெளிவந்த சிவா, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி அலைகிறான். பெற்ற தாயின் வீட்டிலும் அவனுக்கு இடமில்லை. சிவக்குமார் பாலகிருஷ்ணன் அப்பாத்திரத்தைத் தோள்களாலும் நடையாலும் நடித்திருந்தார். தமிழ், ஆங்கிலம், சீனம் ஆகியவை கலந்து ஒலிக்கும் அப்படத்தில் எம்மொழியும் அவனுக்குப் புகலிடம் ஆவதில்லை. இருளும் ஈரமும் நிறைந்த அக்காட்சிகள் எளிதில் காணத்தக்கன அல்ல. நடுப்பகுதியில் துன்பம் அளவுக்கு மீறி அடுக்கப்பட்டுள்ளது என்பதும், மகளைப் பற்றிய ஏக்கம் இன்னும் சற்று விளக்கம் பெற்றிருக்கலாம் என்பதும் மறுக்கத்தக்கன அல்ல.

இவ்விரு படங்களையும் பற்றிச் சமூகத்தில் எழுந்த முணுமுணுப்பு ஒன்று உண்டு. ஒருவன் குடிகாரன், மற்றவன் சிறை மீண்டவன். சிங்கப்பூர்த் தமிழனைக் காட்ட இவர்களன்றி வேறு எவரும் கிடைக்கவில்லையா என்பது அது. சிறுபான்மையாய் வாழும் மக்களுக்கு இவ்வச்சம் இயல்பானது. ஒருவனைக் காட்டினால் ஊரையே காட்டியதாகக் கொள்ளப்படும் என்று அஞ்சுகின்றனர். அதற்காகக் கலைஞன் ஊருக்கு நற்சான்றிதழ் எழுதித்தர வேண்டும் என்று கேட்பது பொருந்தாது. கோவலனும் மனைவியின் சிலம்பு ஒழியப் பிற செல்வம் அனைத்தையும் தொலைத்தவனே. குறை படைப்பாளியிடம் இல்லை. படைப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பேருந்து ஓட்டுநரும் செவிலியும் கடைக்காரரும் தமிழாசிரியரும் பத்துப் படங்களில் வந்துவிட்டால், ஒரு படத்தின் குடிகாரன் எவரையும் உறுத்தமாட்டான். அப்பத்துப் படங்கள் வேண்டுமாயின், வந்த இரண்டையும் மக்கள் கண்டிருத்தல் வேண்டும். கேனுக்குச் சென்றன என்று பெருமைபேசுவோர் பலர். பார்த்துவிட்டுக் குறைநிறை பேசுவோர் சிலரே. மெக்கன்சி சாலை ரெக்ஸ் திரையரங்கு 2009 இல் தமிழ்ப்படங்களோடு மீண்டும் திறக்கப்பட்டபோது முன்னணி நடிகர்களின் படங்களுக்குக் கூடிய கூட்டம், இந்நாட்டுத் தமிழனின் கதைக்குக் கூடுவதில்லை. தன் முகத்தைத் திரையில் காணத் தயங்கும் அவை, பிறர் முகத்துக்குக் கைதட்டியே பழகிவிடும்.

திறனாய்வு

இம்மூன்று துறைகளுக்கும் பொதுவான குறை ஒன்று எஞ்சுகிறது. நிகழ்ச்சி முடிந்தபின் எழுதப்படுபவை பெரும்பாலும் நன்றியுரைகளே. சிறப்பாக நடந்தேறியது, அவையோர் மெய்ம்மறந்தனர், வந்திருந்தோர்க்குச் சிற்றுண்டி வழங்கப்பட்டது என்னும் அளவில் அவை நின்றுவிடுகின்றன. இதற்குக் காரணம் எளிது. ஊர் சிறியது. இன்று குறைகூறப்பட்டவரை நாளைத் தேக்காச் சந்தையில் காய்கறிக் கூடையோடு எதிர்கொள்ள நேரும். அவர்தம் மகள் உறவினர் வீட்டில் மணம் முடித்தவளாகவும் இருப்பாள். இந்நிலையில் நாவடக்கம் பண்பாடாகிறது, பண்பாடு பழக்கமாகிறது, பழக்கம் கலைக்குக் கேடாகிறது. பத்து ஆண்டுகள் உழைத்து அரங்கேறிய பெண்ணுக்குப் பாராட்டு மட்டுமே கிடைப்பது, அவள் உழைப்பை எவரும் கூர்ந்து நோக்கவில்லை என்பதற்கே சான்று. பதத்தின் மூன்றாம் அடியில் உன் கண் பொய் சொன்னது என்று ஒருவர் எழுதியிருந்தால், அவள் தன்னை உண்மையிலேயே ஒருவர் கண்டார் என்று மகிழ்ந்திருப்பாள்.

அவையை உருவாக்குதல் ஒரு நாளில் முடியும் செயல் அன்று. எனினும் தொடங்குதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டா. பாடப்படும் பாடல்களின் முழு வடிவத்தைத் தமிழில் அச்சிட்டு, அருஞ்சொற்பொருளோடு வாயிலில் வழங்கலாம். மாணவர்களை நடன நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்லுமுன், அன்று ஆடப்படும் பதம் ஒன்றைத் தமிழ் வகுப்பில் கவிதையாகப் படிப்பிக்கலாம். ஒரே அடியை நான்கு குறிப்பில் வாசித்துக் காட்டச் செய்யலாம். அவர்கள் விரும்பிப் பாடும் திரைப்பாடலிலிருந்தே அப்பயிற்சியைத் தொடங்குவதில் இழிவேதும் இல்லை. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் நிகழும் எண்ணற்ற போட்டிகளுள் ஒன்றாக, கண்ட நாட்டியத்தைப் பற்றியோ கேட்ட இசையைப் பற்றியோ இளைஞர் எழுதும் திறனாய்வுக்கும் இடம் தரலாம். மேடையேறுவோர்க்குப் பரிசு வழங்கும் சமூகம், கூர்ந்து கண்டு நேர்மையாக எழுதுவோர்க்கும் ஒரு பரிசு வைத்தால், பத்தாண்டில் அதன் பயன் தெரியும்.

மாதவிக்குத் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைத்தன. அப்பொன்னின் மதிப்பைக் காட்டிலும், அவள் ஆடியதை உணர்ந்து கொடுத்த கைகளின் மதிப்புப் பெரிது. சிங்கப்பூரின் இளம் ஆடற்பெண்டிர்க்கும் பாடகர்க்கும் திரைக்கலைஞர்க்கும் பொன்னும் பதக்கமும் கிடைத்துவருகின்றன. அவர்கள் கையும் கண்ணும் குரலும் எதைச் சொல்கின்றன என்று அறிந்த நூறு பேர் எதிரே அமர்ந்திருப்பாராயின், அக்கலைகள் இத்தீவில் இன்னும் ஒரு தலைமுறை வேரூன்றி நிற்கும்.